கொக்கின் தூக்கிய கால்

பறவைகள் பேசினால் மேகங்கள் நின்று கேட்டுவிட்டுப் போன அந்தக் காலத்தில், ஓர் ஏரி மெல்ல வற்றிக்கொண்டிருந்தது. ஏரிக்குள் மூன்று மரங்கள். உடனே கிளம்புவதா, இன்னும் பத்து நாள் இருப்பதா என்று பறவைகள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. கூட்டுக்கு ஓர் இறகு. கிளம்பச் சொல்லும் இறகு கிழக்குப் பாறைக்கு, இருக்கச் சொல்லும் இறகு மேற்குப் பாறைக்கு. எண்ணுவது ஆமை. அது எண்ணி முடிப்பதற்குள் பாதி ஏரி வற்றிவிடும் என்று கேலி செய்தாலும், வேறு யாரையும் யாரும் நம்பவில்லை.

மருதமரத்தில் வெள்ளச்சி என்றொரு கொக்கு இருந்தாள். அவள் குஞ்சுக்கு இன்னும் சிறகு முளைக்கவில்லை. இருக்கலாம் என்று இறகைக் கொடுத்தாள். அந்த மரத்தில் பதினொரு கூடுகள். ஆறு கூடுகள் கிளம்பச் சொல்லின, ஐந்து இருக்கச் சொல்லின.

மரத்துக்குப் பெரியவரான நெடுங்கழுத்தன், பதினொரு இறகையும் கோரைப்புல்லால் ஒரே கட்டாகக் கட்டினார்.

"என் இறகையும் ஏண்ணே அதுல சேர்த்துக் கட்டுறீங்க?"

"பிரிச்சுப் போட்டா ஆறுக்கு அஞ்சு, மிஞ்சுறது ஒண்ணுதான் தாயி. கட்டிப் போட்டா பதினொண்ணு. நம்ம மரத்துக்குன்னு ஒரு மதிப்பு வேணாமா?"

கட்டு கிழக்குப் பாறையில் விழுந்தது. கருவேலமரத்தின் ஆறு கூடுகளும் ஒரே மனதாக மேற்கே போட்டன. இலந்தைமரத்துத் தவிட்டுக்குருவிகள் மட்டும் கட்ட விடவில்லை. கத்திச் சண்டை போட்டுக்கொண்டே கிழக்கே ஒன்று, மேற்கே மூன்று என்று தனித்தனியாகப் போட்டன.

"கிழக்கே பன்னிரண்டு, மேற்கே ஒன்பது. கிளம்புங்க" என்றது ஆமை.

"கூடு கூடா எண்ணினா இருக்கச் சொன்னவங்க பதினாலு பேராச்சே" என்றாள் வெள்ளச்சி.

"பாறையில கிடக்கிறதைத்தான் நான் எண்ணுவேன் தாயி."

ஆமை மேல் குற்றமில்லைதான். ஆனாலும் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

மறுநாள் விடியலில், பனிக்குள் வெள்ளை நூல் இழுத்தது போலக் கொக்குகள் எழும்பிப் போயின. தவிட்டுக்குருவிகள் சண்டை மும்முரத்தில் கிளம்பவே மறந்துவிட்டன. கட்டோடு விழுந்த வெள்ளச்சியின் இறகு போகச் சொல்லிவிட்டது. குஞ்சோ கூட்டில் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. ஒரு காலைத் தூக்கினாள். மறு காலைத் தூக்க மனம் வரவில்லை.

அப்படியே நின்று, சேற்றில் கிடைத்த மீனைக் கொத்தி ஊட்டினாள். பத்தாம் நாள் குஞ்சு பறந்தது.

"அம்மா, இனியாவது அந்தக் காலைக் கீழ வையேன்."

"அது கிளம்பச் சொன்ன மரத்தோட கால் கண்ணு. என்னோடது இதுதான்" என்று ஊன்றிய காலைக் காட்டினாள்.

அன்று முதல்தான், கூட்டமெல்லாம் பறந்துபோன ஏரியிலும் ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நிற்கிறது.