நடுக்காலும் வெற்றிலைச் செல்லமும்

கொடியாற்றங்கரையில் மல்லப்பர் என்று ஒரு ராஜா. நல்ல மனுஷர்தான். ஆனால் கண்ணால் பார்க்காத எதையும் நம்ப மாட்டார். பாயசம் இனிக்கிறது என்று சொன்னால்கூட, "எங்கே, வெல்லத்தைக் காட்டு" என்பார்.

அவர் ஆற்றின் குறுக்கே ஐந்து கால் வைத்து ஒரு கல் பாலம் கட்டினார். கட்டியவன் கல்தச்சன் மாசிலான். ஆடி வெள்ளம் வந்தது, வடிந்தது. பார்த்தால், நடுக்கால் கள் குடித்தவன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது!

ராஜாவுக்கு வந்ததே கோபம். சபையைப் பாலத்தடி மணலிலேயே கூட்டிவிட்டார்.

"மாசிலா, ஏன் சாய்ந்தது?"

"சாமி, ஆறு சும்மா ஓடுற வரைக்கும் சாது. குறுக்கே ஒரு கால் நின்னா விடாது. முட்டிக்கிட்டுக் கீழே பாயும். சுத்திச் சுத்தி அடிமணலைப் பறிக்கும். நடு ஆத்துல வேகம் ஜாஸ்தி. ஆள் உயரத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கும், அதான் கால் இறங்கிடுச்சு."

ராஜா குனிந்து பார்த்தார். தூணைச் சுற்றி மணல் பாய் விரித்த மாதிரி கிடந்தது. அதன் மேல் காக்கை நடந்த தடம்தான் இருந்தது.

"பள்ளம் எங்கேடா?"

"தண்ணி வடியும்போது ஆறே மணலைக் கொண்டாந்து மூடிடும் சாமி. திருடிட்டு, வாசலையும் பெருக்கிட்டுப் போற மாதிரி."

பாலத்து வேலைக்குப் பொறுப்பான பிரதானி ஏகாம்பரம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கேட்டீர்களா மகாராஜா? ஆறு வாசல் பெருக்குதாம்! கோலமும் போட்டுச்சாடா? இருபது வருஷமா இந்த ஆத்தைப் பாக்கிறேன். இந்த இடத்துல ஒரு மணல் அசைஞ்சதில்லை, அசையவும் அசையாது. இவன் கட்டினதே கோணல்!"

"ஐயா, காலடியில கொட்ட அறுபது வண்டிக் கல்லுக்குக் காவிக் குறி போட்டு வச்சு, கொண்டாரச் சொல்லி உங்ககிட்டதானே கேட்டேன்!"

"என்கிட்டயா? எப்போ? யாரு பார்த்தா?"

யாரும் பார்க்கவில்லை.

ராஜா கையை உதறினார். "பள்ளமும் காணோம், சாட்சியும் காணோம். இவன் வலது கைக் கட்டைவிரலை எடுத்துவிடுங்கள்."

கட்டைவிரல் போனால் உளியை எதனால் பிடிப்பான்? அப்புறம் சோற்றுக்கு என்ன வழி? மாசிலான் அந்த விரலை மற்ற விரல்களுக்குள் மூடி வைத்துக்கொண்டான், குழந்தை மிட்டாயை ஒளிக்கிற மாதிரி.

ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கிறவள் உலகாயி. சபையில் எப்போதும் அவர் பக்கத்தில்தான் நிற்பாள். மடித்த வெற்றிலையை நீட்டிக்கொண்டே சொன்னாள்.

"மகாராஜா, விரல் எங்கேயும் ஓடிடாது. அதுக்கு முன்னாடி பிரதானி ஐயாகிட்ட நான் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கிறேனே."

"மன்னிப்பா? என்ன செய்தாய்?"

"ஆனி மாசம் ஐயா தன்னோட வெற்றிலைச் செல்லத்தைத் துலக்கிக் கொடுன்னு கொடுத்தாங்க. பாட்டனார் காலத்து வெள்ளிப் பெட்டி, தங்கப் பூண் போட்டது."

பிரதானிக்கு உடனே அந்த ஞாபகம் வந்துவிட்டது. "ஆமா, எங்கே அது? எப்போ கேட்டாலும் 'புளி ஊறுது ஐயா, புளி ஊறுது ஐயா'ங்கிறே. ரெண்டு மாசமாவாடி புளி ஊறும்?"

"அது அப்பவே பளபளன்னு ஆயிடுச்சு ஐயா. ஆனா எங்க வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. திருடன் வந்தா நான் என்ன செய்வேன்? அதான் பத்திரமான இடமாப் பார்த்து, வெள்ளத்துக்கு முந்தின நாளே புதைச்சு வச்சிட்டேன்."

"நல்லதாப் போச்சு. எங்கே?"

"இங்கேதான் ஐயா. இந்த நடுக்காலடியில, இடுப்பளவு ஆழத்துல."

பிரதானியின் முகம் சாம்பலாகிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி! உனக்குப் புதைக்க வேற இடமே கிடைக்கலியா? வெள்ளம் முட்டிக்கிட்டுக் கீழே பாயுமேடி! சுத்திச் சுத்தி ஆள் உயரம் பறிச்சிருக்குமே! ஐயோ, என் செல்லம் இந்நேரம் கடலுக்குப் போயிருக்குமே!"

சபையே பிரதானி பக்கம் திரும்பியது.

ராஜா மெதுவாகக் கேட்டார். "ஏகாம்பரம், இங்கே ஒரு மணலும் அசையாதே?"

"நானாச் சொல்லலை மகாராஜா! இந்த மாசிலான்தான் ஆனி மாசமே வந்து, கல்லைக் கொட்டலைன்னா இப்படிப் பறிக்கும், அப்படிப் பறிக்கும்னு பயமுறுத்தினான்..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஓகோ! அப்படியானால் கல் கேட்டிருக்கிறான். அந்தக் கல் எங்கே?"

பிரதானி வானத்தைப் பார்த்தார். உலகாயி பதில் சொன்னாள்.

"செல்லத்தை வாங்கப் போனப்போ பார்த்தேன் மகாராஜா. ஐயா வீட்டு முற்றம் முழுக்கப் புதுக் கல்லு பாவியிருக்கு. பாலத்துக்குன்னு மாசிலான் போட்ட காவிக் குறிகூட இன்னும் அழியலை. வேணும்னா நீங்க கண்ணாலேயே பாக்கலாம்."

அப்புறம் தன் வெற்றிலைப் பைக்குள் கையை விட்டாள். உள்ளேயிருந்து வெள்ளிச் செல்லம் வெளியே வந்தது. வெயிலில் கண்ணைப் பறித்தது.

ராஜா ஒரு நிமிஷம் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிரதானியைப் பார்த்தார். அவ்வளவுதான், புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். மாசிலான் அப்போதுதான் கையை விரித்துக் கட்டைவிரலை வெளியே விட்டான்.

"அந்தச் செல்லம் இனி உனக்குத்தான் உலகாயி. மாசிலா, நீ காலை நிமிர்த்து. ஏகாம்பரம், முற்றத்துக் கல் அறுபது வண்டியும் நாளைக்கே இங்கே வர வேண்டும். ஏற்றுவதும் நீர்தான், இறக்குவதும் நீர்தான்."

பிரதானி அழாத குறை. "மகாராஜா, கல்லை எல்லாம் பெயர்த்துட்டா என் முற்றத்துல வெறும் மணல்தானே மிஞ்சும்? மழை பெஞ்சா என் வீடு என்ன ஆகும்?"

உலகாயி ஒரு வெற்றிலையை மடித்து அவர் கையிலும் வைத்தாள்.

"பயப்படாதீங்க ஐயா. இருபது வருஷமாப் பாத்தவங்க நீங்களே சொல்லியிருக்கீங்க. ஒரு மணலும் அசையாது."