ஒரு பந்தி

2017 டிசம்பர் 11, பகல் பன்னிரண்டு மணி. வல்லி மெஸ்ஸில் ஒரே ஒரு இலை விழுந்திருந்தது. இலைக்கு முன்னால் அருமைநாயகம்.

கோவில்பட்டியில் இருபத்திரண்டு வருஷமாக நாடகக் குழு நடத்துகிறவர். லாபத்துக்கு அல்ல. வயது ஐம்பத்தெட்டு.

பரிமாறிய செண்பகவல்லிக்கு முப்பத்தாறு. ஒரு காலத்தில் அவர் குழுவில் நடித்தவள். இரண்டு வரி வசனத்துக்கு மேல் அவர் அவளுக்குத் தந்ததில்லை. இன்று அவளிடம்தான் யோசனை கேட்டு வந்திருந்தார்.

“வாடகை பாக்கின்னு ஜனவரி கடைசிக்குள்ள கிட்டங்கியைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க வல்லி. நமக்கு அரங்கமே அந்தக் குடோன்தான். அது போனா குழுவும் போச்சு. உன் கடை மட்டும் எப்படித் தாயி நிக்குது?”

“சாப்பிடுங்க அண்ணாச்சி.”

“நேத்து புது நாடகம் போட்டோம். தொண்ணூறு நாள் ஒத்திகை. முடிஞ்ச பிறகும் எந்திரிக்க மனசில்லாம உக்காந்திருந்தாங்க.”

“எத்தனை பேரு?”

“நாப்பத்தொண்ணு.”

“இன்னிக்கு?”

“இன்னிக்கு என்ன? அதான் போட்டாச்சுல்லா.”

குழுவின் வழக்கம் அது. ஒரு நாடகத்துக்கு ஒரு காட்சி. மறுநாள் காலையில் செட்டைப் பிரித்துவிடுவார்கள். நிதி தருகிற அறக்கட்டளை புது நாடகத்துக்குத்தான் தரும். போட்டதையே திரும்பப் போடுவதற்கு அதன் விண்ணப்பத்தில் கட்டமே கிடையாது.

அவர் ரசத்துக்கு வந்ததும் வல்லி வாசலுக்குப் போய் ஷட்டரை இறக்கினாள்.

வெளியே பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். தகரம் அதிர்ந்தது.

“எக்கா, என்ன பண்ணுதிய? வயிறு காந்துது!”

“மாமியா வீட்டுக்குக் கெளம்பிட்டியளோ?”

“சமைச்சாச்சு, ஒரு பந்தியும் போட்டாச்சு,” உள்ளிருந்தே கத்தினாள் வல்லி. “நாளைக்கு வேற சமையலு. போயிட்டு வாங்க.”

அருமைநாயகம் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

“கிறுக்கு புடிச்சிருக்கா உனக்கு? அண்டா நெறையச் சோறு இருக்கு. வாசல்ல ஆளு நிக்குது!”

“நிக்கட்டும்.”

அவருக்கு முகம் சிவந்தது.

“நாடகமும் சோறும் ஒண்ணா வல்லி?”

“எப்படி ஒண்ணாகும்? சோறு சாயங்காலம் ஊசிப்போகும்.”

ஷட்டரை ஏற்றினாள். முதலில் குனிந்து நுழைந்தவன் ஆட்டோ ஓட்டுகிற பேச்சிமுத்து. அருமைநாயகத்தைக் கண்டதும் நின்றான்.

“சார், நேத்து உங்க நாடகத்துக்கு எந்தங்கச்சி வந்திருந்தா. வீட்டுக்கு வந்தும் அதே பேச்சுதான். இன்னிக்கு எத்தனை மணிக்கு? ஸ்டாண்டுல இருந்து ஏழெட்டுப் பேரு வாறோம்.”

அருமைநாயகம் எச்சில் கையோடு நின்றார்.

“சொல்லுங்க அண்ணாச்சி,” என்றாள் வல்லி. “செட்டு இல்லாட்டி என்ன? வசனத்தை ஒரு ராத்திரியில மறந்திருப்பாங்களா?”

பேச்சிமுத்து இரண்டாவது இலையில் உட்கார்ந்து தண்ணீர் தெளித்துக்கொண்டே அருமைநாயகத்தின் முகத்தைப் பார்த்தான்.

“அது முடிஞ்சுபோச்சு தம்பி. அடுத்தது இதைவிட நல்லா வரும். ஜூன்ல வாங்க.”

பிறகு வல்லியிடம் சொன்னார்: “பதினஞ்சாந் தேதி விண்ணப்பத்துக்குக் கடைசி நாளு. இன்னும் கதையே யோசிக்கலை.”

“மோர் ஊத்தவா?”

“வேண்டாம்.”

இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போனார்.

2018 பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கிட்டங்கியில் டைல்ஸ் கடை திறந்தார்கள்.