மடைப்பள்ளியில் ஈர வேட்டி

தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன மடம். அதன் தலைவி அருள்மொழி அம்மை. காவி கட்டுவதற்கு முன்னால் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் சன்னலுக்குப் பின்னே பன்னிரண்டு வருஷம் நின்றவர். வயது நாற்பத்து மூன்று. அவருடைய சீடர் மாசானத்துக்கு ஐம்பத்தெட்டு. குருவை விடச் சீடர் மூத்தவர் என்பதில் ஊருக்குத்தான் உறுத்தல். சீடர் 'அம்மா' என்பார், குரு 'அண்ணாச்சி' என்பார். அவர்களுக்குள் அது சரியாகத்தான் இருந்தது.

மாசானம் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். இப்போது மடைப்பள்ளியில் சமையல். அந்த மடத்தில் சமைக்கிறவருக்கு ஒரு விதி உண்டு. விடியலில் ஆற்றில் முங்கி எழுந்து, கட்டிய வேட்டியைப் பிழியாமலே வந்து, படையல் முடியும் வரை அதே ஈரத்தோடு அடுப்படியில் நிற்க வேண்டும். மேலே அடுப்பின் வேர்வை, கீழே ஆற்றுத் தண்ணீர். மனுஷத் தோல் என்ன எருமைத் தோலா? ஆறே மாதத்தில் மாசானத்தின் இடுப்பில் படர்தாமரை வந்துவிட்டது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. வேட்டி மறைக்கிற இடத்தில் வரும் நோயை நம் ஆட்கள் டாக்டரிடம் சொல்வதற்குள் பேரன் பிறந்துவிடுவான். நேரே மெடிக்கல் ஷாப்புக்குப் போய், "அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க" என்றார். எங்கே, எத்தனை நாளாக என்று கடைக்காரர் கேட்கவில்லை. கேட்டாலும் இவர் சொல்லியிருக்கமாட்டார்.

தடவினார். மூன்றே நாளில் சிவப்பும் போனது, அரிப்பும் போனது. நிறுத்தினார். பத்தாம் நாள் இரண்டு பங்காகத் திரும்பி வந்தது. மறுபடியும் டியூப். இப்படியே ஐந்து மாதம் ஓடியது. வட்டம் இடுப்பைத் தாண்டி வயிற்றுக்கும் தொடைக்கும் போய்விட்டது.

ஒருநாள் ஆற்றிலிருந்து கரையேறும்போது தர்மகர்த்தா உலகநாதன் பார்த்துவிட்டார்.

"என்னவே இது? இந்த உடம்ப வச்சிக்கிட்டா சாமிக்குச் சமைக்கீரு? பாவம் பண்ணுன உடம்புக்குத்தான்வே இப்படி வரும். குருபூசைக்குள்ள சரியாகலைன்னா மூட்டையக் கட்டிரும்."

மடத்தைத் தொடங்கிய பெரியவரின் குருபூசைக்கு ஆறு வாரம் இருந்தது. மாசானத்துக்குப் போக்கிடம் இல்லாமல் இல்லை, மகன் வீடு இருக்கிறது. ஆனால் போக மனசில்லை. நாலு பேர் வயிறு நிறைவதைப் பார்க்கிறபோது வருகிற நிம்மதி அவருக்கு வேறு எங்கேயும் கிடைத்ததில்லை.

குருவிடம் போனார்.

"அம்மா, ஆசைய விடணும்னு சொன்னிய. பீடிய விட்டேன். கோவத்த விட்டேன். இந்த அரிப்பு மட்டும் என்னைய விட மாட்டேங்கு. போன சென்மத்துப் பாவமா?"

"என்ன தடவுதிய?"

மாசானம் மடியிலிருந்து டியூபை எடுத்துக் காட்டினார். அம்மை அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார். முகம் கடுகடுத்தது.

"அண்ணாச்சி, அடுப்புல தணல் கிடக்கா?"

"கிடக்கு."

"சாம்பல அள்ளி மூடுங்க."

மூடினார்.

"நெருப்பு தெரியுதா?"

"தெரியல."

"அப்ப அணைஞ்சிட்டு."

மாசானத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா சொன்னிய. அது நாள் பூரா அடியில கிடக்கும்மா. ஒரு தேங்கா நாரு போதும்."

"போடுங்க."

நாரைப் போட்டுக் கிளறினார். புகைந்தது, பிறகு பற்றிக்கொண்டது.

"இவ்வளவு தெரிஞ்ச மனுசன் அஞ்சு மாசமா இடுப்புல சாம்பலப் பூசிக்கிட்டு இருக்கிய." அம்மை டியூபை அவர் கையில் திருப்பி வைத்தார். "இதுல இருக்க ஸ்டீராய்டு சிவப்ப மறைக்கும், அரிப்ப அடக்கும். அடியில காளான் நிம்மதியாப் படரும். பாவமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஈரத்துல முளைக்கிற காளான், அவ்வளவுதான்."

மறுநாள் அம்மையே அவரை அரசு ஆஸ்பத்திரித் தோல் பிரிவுக்குக் கூட்டிப்போனார். டாக்டர் காளானைக் கொல்லும் மாத்திரை எழுதினார். பூசுவதற்குக் களிம்பும் கொடுத்தார். வட்டத்துக்கு வெளியே இரண்டு விரற்கடை தள்ளியும் பூச வேண்டும், துண்டு தனியாக இருக்க வேண்டும், துணி வெயிலில் நன்றாகக் காய வேண்டும், அரிப்பு நின்றாலும் சொல்கிற வரைக்கும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. கடைசியாக, "ஈரத் துணி கட்டவே கூடாது" என்றார்.

மாசானம் திடுக்கிட்டார். வெளியே வந்ததும், "விதி இருக்கேம்மா?" என்றார்.

"விதிய நான் பாத்துக்கிடுதேன். நீங்க இடுப்பப் பாருங்க."

பழைய டியூபை நிறுத்தியதும் முதல் வாரம் உடம்பு அவரைப் பழிவாங்கியது. மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. புது மருந்தைத் தூக்கி ஆற்றில் எறியலாமா என்று இரண்டு தடவை நினைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். மூன்றாவது வாரம் அரிப்பு நின்றது. அன்றைக்கே மாத்திரையை நிறுத்தினார். ஓடுகிற லாரியை எதற்கு மெக்கானிக்கிடம் விட வேண்டும் என்பது அவர் கணக்கு.

சாயங்காலம் அம்மை கேட்டார்.

"மாத்திரை?"

"அரிப்பு இல்லம்மா."

அம்மை சாம்பல் மூடிக் கிடந்த அடுப்பைப் பார்த்தார். மாசானம் எழுந்துபோய் மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு வந்தார்.

குருபூசை வந்தது. மாசானத்தின் இடுப்பில் பழுப்பு நிறத் தழும்புதான் பாக்கி. விடியலில் குளித்து, நன்றாகத் துவட்டி, கொடியில் மொடமொடவென்று காய்ந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றார். அந்த ஆறு வாரத்தில் அன்றைக்குத்தான் தர்மகர்த்தா மடைப்பள்ளிக்குள் வந்தார். தோலைப் பார்த்துத் தலையாட்டினார். வேட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"வேட்டி ஏன்வே காஞ்சிருக்கு?"

"ஈரம் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"இந்த மடத்துக்கு டாக்டரா தர்மகர்த்தா? போயி நனைச்சிட்டு வாரும்."

மாசானம் வாழ்க்கையில் பெரிய ஆட்களிடம் மறுத்துப் பேசியதில்லை. செக்போஸ்டில் கும்பிட்டவர், லாரி முதலாளியிடம் கைகட்டி நின்றவர். அன்றைக்கு அகப்பையைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"மாட்டேன்."

"என்னது?"

"நனைக்க மாட்டேன். அடுப்பையும் விட மாட்டேன்."

தர்மகர்த்தா அம்மையிடம் திரும்பினார். "கேட்டியளா? நூத்தி இருவது வருசத்துச் சம்பிரதாயம். மடத்தத் தொடங்குன பெரியவரே ஈர வேட்டியோட நின்னு சமைச்சவருதான். தெரியுமா?"

"தெரியும். அவருகிட்ட இருந்தது ஒரே வேட்டி. குளிச்சா அதையேதான் கட்டியாகணும். நம்ம கொடியில பதினாலு வேட்டி காயுது."

வாசல் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தர்மகர்த்தாவுக்குக் காது சிவந்தது.

"அவருக்குப் பின்னால சமைச்சவங்கள்லாம் சொறிஞ்சிக்கிட்டேதான் நின்னிருப்பாங்க," என்றார் அம்மை. "பக்தின்னு நெனச்சு வாயத் திறக்கல. இவரு திறந்துட்டாரு."

"இந்தச் சோத்தச் சாமி ஏத்துக்காது. நானும் கை நனைக்க மாட்டேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தர்மகர்த்தா வெளியேறினார். நாலைந்து குடும்பங்கள் அவர் பின்னாலேயே போயின.

பாயில் கொட்டிய சோற்றிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. மாசானத்துக்கு அதுவரை இருந்த தைரியம் வடிந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் இப்படிப் பேசிவிட்டோமே என்று பயந்தார்.

"அம்மா, நெசமாவே சாமி ஏத்துக்கலைன்னா?"

அம்மை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சோற்று வாளியைத் தூக்கினார்.

"ஏத்துக்கலைன்னா அந்தப் பங்கும் மிச்சம். வெளிய இருநூறு பேரு பசியோட நிக்காங்க. கதவத் திறங்க, அண்ணாச்சி."