மூன்றாவது விரல்

"கேள்வி கேட்கிறது தப்பா, சாமி?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார் டாக்டர் சேந்தன். மூளையை ஆராய்பவர். குருவைவிடப் பத்து வயது மூத்த சீடர்.

"முதல்ல செருப்பு," என்றார் குரு நிமலர்.

கழற்றினார். உட்கார்ந்தார். உடனே எழுந்தார்.

"பூரணின்னு ஒரு அம்மா. மூணு வருஷமா விரல் அசையல, இமைகூட அசையல. ஆனா உள்ளே விழிப்பு இருக்கு. மூளை அலையைப் படிக்கிற ஒரு தொப்பியைத் தலையில மாட்டினோம். கையை அசைக்கிறதா நினைச்சா 'ஆம்'. காலை அசைக்கிறதா நினைச்சா 'இல்லை'. ஒவ்வொண்ணுக்கும் திரையில தனிக் கோடு எழும். பதினோரு நாள்ல நானூறு கேள்விக்குப் பதில் வாங்கிட்டேன்!"

"சந்தோஷம்தானே?"

"நேத்து அவங்க கண்ணுல தண்ணி வந்துச்சு. நர்ஸ் துடைச்சாங்க. நான் அடுத்த கேள்விக்குப் போயிட்டேன்."

சேந்தன் அறையின் கோடிவரை நடந்து திரும்பினார்.

"கணவர் கையெழுத்துப் போட்டிருக்கார். எல்லா அனுமதியும் இருக்கு. இன்னும் ஒரு வாரம் கிடைச்சா, இவங்களை மாதிரி எத்தனையோ பேருக்கு வழி பிறக்கும். நாளைக்குத் தொடரட்டுமா, வேண்டாமா?"

"உட்காருங்க. பேசக்கூடாது, எழக்கூடாது. ஆம்னா ஒரு விரல். இல்லைன்னா ரெண்டு."

"விளையாட்டா, சாமி?"

"விரல்."

சேந்தன் உட்கார்ந்தார்.

"சாப்பிட்டாச்சா?"

இரண்டு விரல்.

"வீட்டுல யாருக்கும் தெரியாம அழுதிருக்கீங்களா?"

ஒரு விரல்.

"அப்பா போனப்போ நிம்மதியா இருந்துச்சா?"

விரல்கள் மடங்கியே இருந்தன.

"பதில் பதிவாகல. மறுபடி கேட்கிறேன். நிம்மதியா இருந்துச்சா?"

மெல்ல ஒரு விரல் எழுந்தது.

"அது உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

சேந்தன் மூன்று விரல்களை நீட்டினார்.

"மூணு நம்ம பேச்சுல இல்லையே. தெரியுமா?"

அதே மூன்று விரல்களை இன்னும் உயர்த்திக் காட்டினார்.

"தெரியுமா, டாக்டரே?"

சேந்தன் எழுந்துவிட்டார். விறுவிறுவென்று வாசலுக்குப் போய்ச் செருப்பில் காலை நுழைத்தார். அப்படியே நின்றார்.

"நாக்கு," என்றார்.

"என்ன நாக்கு?"

"நாக்கை அசைக்கிறதா நினைச்சாலும் கருவிக்குத் தெரியும், சாமி. முதல் நாள் அந்த அம்மாவுக்குக் கை, கால், நாக்கு மூணையும் பழக்கினோம். ஆம், இல்லை, ரெண்டும் போதும்னு நான்தான் கருவியில நாக்குக் கோட்டை அணைச்சு வெச்சேன்."

குரு அவருடைய பாதங்களைப் பார்த்தார்.

"செருப்பு கால் மாறியிருக்கு," என்றார்.

மறுநாள் காலை பூரணியின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார் சேந்தன். தொப்பியை மாட்டினார். அணைத்து வைத்திருந்த நாக்குக் கோட்டை இயக்கினார்.

"அம்மா, இன்னைக்கு ஒண்ணு சேர்த்திருக்கேன். எப்பவாவது நிறுத்தணும்னு தோணினா, நாக்கை அசைக்கிறதா..."

திரையில் மூன்றாவது கோடு எழுந்து நின்றது.