கடல் கடந்த நுங்குப் பாயசம்

வெண்மணற்பட்டினத்து அரசர் திருமேனி வழுதிக்கு ஒரே மகள், மரகதவல்லி. அவளைக் கீழ்க்கடல் தீவு ஒன்றின் ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மசக்கை என்று ஓலை வந்தது. கூடவே இன்னொரு செய்தியும் இருந்தது. "அப்பா, எனக்கு நம் அரண்மனை நுங்குப் பாயசம் வேண்டும். பல் கூசுகிற மாதிரி ஜில்லென்று வேண்டும். வேறு எதுவும் தொண்டைக்குள் இறங்கவில்லை."

பிள்ளைத்தாய்ச்சி கேட்டு இல்லையென்று சொல்ல முடியுமா? அரசர் வடதேச வணிகர்களிடம் பனிக்கட்டி வாங்கினார். தேக்குப் பெட்டி செய்தார். பாயசப் பானையை நடுவில் வைத்து, சுற்றிலும் பனிக்கட்டி அடுக்கி, உமி கொட்டி மூடிக் கப்பலேற்றினார். எட்டு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தது வெதுவெதுப்பான புளித்த தண்ணீர். மறுபடி அனுப்பினார். இந்த முறை பானையைத் திறந்த தோழிப்பெண் மயக்கம் போட்டு விழுந்தாளாம்.

அரசர் சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அவைப்புலவர் சிங்காரக் கவிராயர் எழுந்தார்.

இவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அரசர் மேல் பன்னீராயிரம் பாட்டில் ஒரு காவியம் எழுதியவர். முதல் நாலாயிரம் பாட்டு அரசருடைய யானையைப் பற்றியது. அரசர் அதற்குப் பிறகுதான் வருவார். அத்தனையும் கவிராயருக்கு மனப்பாடம், அதுதான் ஊருக்கே வினை. அவர் தெருவில் வந்தால் மாடுகூடச் சந்தில் திரும்பிவிடும். சபையில் அவர் பாடும்போது துணிந்து கொட்டாவி விட்டவன் ஒருவன்தான். அவன் அரசருக்கு யோசனை சொல்கிற கோனேரி. அந்தக் கொட்டாவியைக் கவிராயர் மறக்கவேயில்லை.

"மன்னா, இதற்குக் கோனேரிதான் சரியான ஆள்," என்றார். "முடியாவிட்டால் அவருக்கு இந்த ஊரில் என்ன வேலை?"

"சரி," என்றார் அரசர். "கோனேரி, பாயசம் குளிராகப் போய்ச் சேரவேண்டும். இல்லையென்றால் நீ மூட்டையைக் கட்டு."

கோனேரிக்கு ஊரைவிட்டுப் போவதுகூடப் பெரிதில்லை. போனால் மாமனார் வீட்டுக்குத்தான் போகவேண்டும்.

நேரே துறைமுகத்துக்குப் போய் மாலுமி அசன் மரைக்காயரைப் பிடித்தான்.

"பெட்டியில குத்தமில்லீங்கய்யா," என்றார் மரைக்காயர். "வழியில ஏழு துறைமுகம். ஒவ்வொண்ணுலயும் சுங்க அதிகாரி ஏறி, 'உள்ள என்ன'ம்பாரு. குளிர்ந்த பாயசம்னா, 'எங்க, குளிருதான்னு பார்ப்போம்'னு திறப்பாரு. அவரு ஒரு விரல் விடுவாரு. அவரு மச்சினன் ஒரு விரல் விடுவான். பார்த்துப் பார்த்தே குளிரு போயிருதுங்க. பாயசமும் பாதி போயிருது."

"பூட்டிவிட்டால்?"

"தங்கம்னு நினைச்சு உடைப்பாங்க."

"ராஜமுத்திரை வைத்தால்?"

"அசல் முத்திரைதானான்னு சுரண்டிப் பார்ப்பாங்க."

கோனேரி தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக்கொண்டு கவிராயர் வீட்டுக்குப் போனான்.

"கவிராயரே, தங்கள் காவியம் கடல் கடக்க வேண்டாமா?"

"உமக்கு என்ன திடீர் அக்கறை?"

"ஊரைவிட்டுப் போகப்போகிறேன். போகும் முன் ஒரு நல்ல காரியம் செய்யலாம் என்றுதான். சுவடிகளை நானே பெட்டியில் வைத்துக் கட்டித் தருகிறேன். ஈரம் படாமல் உமிகூடப் போடுகிறேன். தாங்கள் கூடவே போய் மருமகப்பிள்ளை சபையில் அரங்கேற்ற வேண்டும்."

கவிராயர் உருகிவிட்டார்.

"ஒன்று மட்டும்," என்றான் கோனேரி. "வழியில் யாராவது பெட்டியைத் திறக்கச் சொன்னால், காவியம் முழுவதையும் கேட்ட பிறகுதான் திறக்க விடவேண்டும். கேளாதவன் கை சுவடியில் படலாமா?"

"அபசாரம்," என்றார் கவிராயர்.

கவிராயர் வருமுன்பே பானை பெட்டிக்குள் இறங்கியது. பனிக்கட்டி, உமி, அதற்கு மேல் நாற்பது கட்டு ஓலைச்சுவடி. பெட்டிமேல் கவிராயர்.

முதல் துறைமுகத்தில் சுங்க அதிகாரி மிடுக்காக ஏறினார். "பெட்டியில் என்ன?"

"காவியம். உட்காரும்," என்று கவிராயர் தொண்டையைக் கனைத்தார். முப்பதாவது பாட்டில் யானையின் இடது காது முடிந்தது. அதிகாரிக்கு வீட்டில் ஏதோ வேலை நினைவுக்கு வந்தது. முத்திரையைக் குத்திவிட்டு ஓடினார். இரண்டாம் துறைமுகத்து அதிகாரி வலது காது வரை தாங்கினார். அதற்குள் சேதி பரவிவிட்டது. மூன்றாவதில் படகிலிருந்தே கையெழுத்துப் போட்டார்கள். ஏழாவதில் கப்பல் கண்ணில் பட்டதுமே, போ போ என்று துணியை ஆட்டினார்கள்.

தீவில் கவிராயர் சபையில் பாடிக்கொண்டிருக்க, மரைக்காயர் பெட்டியைச் சத்தமில்லாமல் மரகதவல்லியிடம் சேர்த்து, வழியில் நடந்ததையும் சொன்னார்.

திரும்பி வந்த கவிராயருக்குக் கால் தரையில் பாவவில்லை. "மன்னா, ஏழு துறைமுகத்திலும் என் தமிழுக்கு மறுபேச்சில்லை. வழிநெடுக வழிவிட்டார்கள். கோனேரியின் பாயசம் என்னவாயிற்று, பாவம்?"

அரசர் மகளின் ஓலையைப் பிரித்துப் படித்தார். "அப்பா, பாயசம் பல் கூசியது. மூன்று கிண்ணம் குடித்தேன். வயிறு நிறைந்தது."

கவிராயர் திகைத்தார். "பாயசமா? எந்தப் பெட்டியில் போனது?"

"தாங்கள் உட்கார்ந்திருந்த பெட்டியில்தான்," என்றான் கோனேரி. "அதிகாரிகள் எந்த மூடியையும் திறந்துவிடுகிறார்கள். அதனால் அவர்கள் கிட்டே வரப் பயப்படுகிற மூடியாகப் பார்த்துப் போட்டேன்."

அரசர் சிம்மாசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கவிராயர் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்து அவருக்கும் ஒரு பட்டுச் சால்வை போர்த்தினார். கோனேரிக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். மகள் வயிறு நிறைந்ததில் அவருக்கும் பசி வந்துவிட்டது.

ஓலையில் இன்னும் ஒரு வரி மீதி இருந்தது. சிரிப்பில் அரசரால் படிக்க முடியவில்லை. கோனேரி வாங்கிப் படித்தான்.

"அடுத்த மாதமும் பாயசம் அனுப்புங்கள் அப்பா. கவிராயர் வரவேண்டாம். வருகிறார் என்று பெட்டிமேல் எழுதினால் போதும்."