குஞ்சிதத்தின் சிப்பி

பஞ்சநதனார் கிளிஞ்சல் பொறுக்கினார். அதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. கடல் விலகிப் பல கோடி ஆண்டுகளான பெரம்பலூர்ச் சீமையில், காரை என்னும் ஊரின் ஓடைகளில் சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றை உளி வைத்து எடுத்து, துடைத்து, எந்த ஓடை, எந்த அடுக்கு என்று ஒவ்வொன்றின் மேலும் எண் எழுதுவது அவருடைய வேலை. நெற்றியில் நீறு இல்லாமல் ஓடையில் இறங்கமாட்டார். முதல் கல்லைத் தொடுமுன் கும்பிட்டு, “உள்ளதைக் காட்டு, சாமி” என்பார். வேறு மந்திரம் அவருக்குத் தெரியாது.

கேலிக்குக் குறைவில்லை. சுண்ணாம்புக் காளவாய்க்கா பொறுக்குகிறீர்கள் என்று ஆடு மேய்ப்பவர்கள் கேட்டார்கள். அலுவலகத்தில் நிலக்கரியும் இரும்பும் தேடியவர்கள் மேலே மேலே போக, சிப்பி தேடியவர் உட்கார்ந்த நாற்காலியிலேயே இருந்தார். உறவினர்களின் கேலிதான் பொல்லாதது. அவருக்கும் மனைவி குஞ்சிதம் அம்மையாருக்கும் குழந்தை இல்லை. பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லாத வீடு என்று கல்யாணங்களில் அம்மையாரின் காதுபடவே பேசினார்கள். அவர் பந்தியில் உட்காராமல் வீடு திரும்பிய நாட்கள் உண்டு.

அப்படி இருக்கையில் ஒருநாள், உள்ளங்கை அகலத்தில் தட்டையான சிப்பி ஒன்று அகப்பட்டது. எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. புதிதாகக் கண்டு எழுதுகிறவருக்குப் பெயர் வைக்கும் உரிமை உண்டு. மனைவியின் பெயரையே வைத்தார். எல்லா நாட்டு அறிஞர்களும் இனி உன் பேரைச் சொல்வார்கள் என்று அவர் சொன்னபோது அம்மையார் அழுதுவிட்டார். அச்சான கட்டுரையைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். உறவினர் வாய் அடங்கவில்லை என்றாலும் அதன்பிறகு அவர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன. ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தபோது, மழையில் கரை சரிந்த இடத்தில் பஞ்சநதனார் முழுச் சிப்பி ஒன்றைக் கண்டார். இரண்டு ஓடும் பிரியாமல் மூடியிருந்தது. தட்டையான மேல் ஓடு, குஞ்சிதத்தின் சிப்பி. கிண்ணம்போல் குழிந்த கீழ் ஓட்டுக்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வெள்ளைக்காரர் வேறு பெயர் வைத்திருந்தார். ஒரே பிராணியின் ஓடுகள் தனித்தனியே கிடைத்ததால் இரண்டு பிராணிகளாகப் பெயர் வாங்கியிருந்தன. முந்தி வைத்த பெயர்தான் நிற்கும் என்பது அந்தத் துறையின் சட்டம்.

ஓடையில் வேறு யாரும் இல்லை. ஒரு தட்டுத் தட்டினால் ஓடுகள் பிரிந்துவிடும். சுத்தியலைக் கையில் எடுத்ததாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். கடைசியில் சிப்பியைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மையார் முன் வைத்து, எல்லாவற்றையும் சொன்னார். இதை எழுதினால் உன் பேர் போய்விடும் என்றார்.

அம்மையார் அதைக் கையில் வாங்கி, இரண்டு ஓடும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“தினம் தினம் உள்ளதைக் காட்டுன்னு கேட்டுட்டு, அவர் காட்டினதும் கண்ணை மூடிக்கிட்டா நல்லாவா இருக்கு?” என்றார். சிப்பியை அவரிடம் திருப்பிக் கொடுத்து, “எனக்கு வருத்தமாத்தான் இருக்கு. நீங்க எழுதுங்க” என்றார்.

எழுதினார். தன் ஒரே கண்டுபிடிப்பைத் தானே ஒழித்துக்கொண்ட மேதை என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். பஞ்சநதனார் மறுநாளும் நீறு பூசி ஓடையில் இறங்கினார். இறைவன் எருதேறி வந்து காட்சி கொடுத்ததாக யாரும் சொல்லவில்லை.

அந்தத் தை மாதம் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரி, இருந்த ஒரு பேரும் போய்விட்டதாமே என்று விசாரித்தாள். அம்மையார் முகம் வாடவில்லை.

“போச்சு. முப்பது வருஷமா எங்க வீட்டுக்காரர் சாமிகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். சாமி அதைக் கொடுத்துட்டார். உங்க வீட்டுல யாருக்காவது கேட்டது கிடைச்சிருக்கா?” என்றார்.

அம்மையார் பாயசம் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.

கேட்ட வரம் தம் வீட்டுக்கே நட்டமாக வந்தபோதும் இரு கையேந்தி வாங்கிய பஞ்சநதனாரையும், வாங்கச் சொன்ன அம்மையாரையும் வணங்குகிறோம்.