லூர்தம்மாளின் வசனம்

முத்தலூரில் கலைக்குப் பஞ்சமில்லை. அரிசி ஆலை மாடியில் தவில் வகுப்பு. பஸ் ஸ்டாண்டு சுவர் முழுக்க ஓவியம். சலூனில் கவிதை வாசிப்பு. சனிக்கிழமை சாயங்காலம் நாடகம் என்றால் வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து வருவார்கள்.

நாடகக் குழுவை நடத்திய அமுதவல்லிதான் குரு. அவருடைய சீடர் சவரிமுத்து வயதில் மூத்தவர். குருவை ‘டீச்சர்’ என்பார். குரு அவரை ‘அண்ணே’ என்பார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. நடிகர் யாராவது இறந்துபோனால், அடுத்த ஓர் ஆட்டத்தில் மட்டும் அவர் நின்ற இடத்தைக் காலியாக விடுவார்கள். அவருடைய வசனம் வரும்போது மற்றவர்கள் பேசாமல் நிற்பார்கள். அதற்கடுத்த ஆட்டத்தில் வேறொருவர் வந்துவிடுவார்.

சவரிமுத்துவின் மனைவி லூர்தம்மாள் நாடகத்திலும் அவருக்கு மனைவிதான். அவள் இறந்தபோது, சவரிமுத்து அந்த வழக்கத்தை ஓர் ஆட்டத்தோடு விடவில்லை. கப்பலுக்குப் புறப்படும் காட்சியில் காலி இடத்தைப் பார்த்துக் கேட்பார்:

“நான் திரும்பி வரலேன்னா என்ன செய்வே?”

அப்புறம் மௌனம். கூட்டம் அழும். அந்த மௌனத்துக்காகவே டிக்கெட் தீர்ந்தது.

ஒரு நாள் காலை, ஒத்திகைக் கொட்டகைக்கு அவர் தனியாக வந்தார்.

“டீச்சர், போன வாரம் அந்த இடத்துல நிக்கிறேன். முன்வரிசையில ஒரு அம்மா தேம்பினாங்க. இன்னும் கொஞ்சம் நிப்போம்னு நின்னேன்.”

“நின்னா என்ன?”

“அவளுக்காக நிக்கலியே. அந்தத் தேம்பலுக்காகத்தானே நின்னேன்! எனக்குக் கண்ணு கலங்கியே ரொம்ப நாளாச்சு. நான் அவளை வித்துக்கிட்டு இருக்கேனா?”

அமுதவல்லி கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தார்.

“அந்த இடத்துல லூர்தக்கா என்ன சொல்லுவாங்க?”

“இதென்ன கேள்வி? எத்தனை வருஷம் எதிர்ல நின்னு கேட்டவன் நான்...”

வாயைத் திறந்தார். வரவில்லை. காட்சியை முதலிலிருந்து சொல்லிப் பார்த்தார். தன்னுடைய கேள்வி வரைக்கும் வந்தது. அதற்கு மேல் மௌனம்தான் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“நாடகப் பிரதியைக் குடுங்க டீச்சர். பாத்துக்கறேன்.”

“தரமாட்டேன். சனிக்கிழமை தையல்கடை சுகந்தி அந்த வேஷம் கட்டும்.”

“லூர்து இடத்துலயா? கைய எங்க வச்சுக்கிறதுன்னே அந்தப் பொண்ணுக்குத் தெரியாது!”

“தெரியாதுதான்.”

“கூட்டம் கல்லெறியும்.”

“எறிஞ்சா குனிஞ்சுக்குங்க.”

சனிக்கிழமை வந்தது. சவரிமுத்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் கேள்வியைக் கேட்டார். சுகந்தி முந்தானையைத் திருகியபடி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போலச் சொன்னாள்:

“என்ன செய்வேன்? உங்களுக்கும் சேர்த்துத்தான் உலை வைப்பேன்.”

சவரிமுத்து பெட்டியை இறக்கி வைத்தார். அடுத்த வசனம் வரவில்லை. முகத்தைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“பெருசு மறந்துட்டாருடா!” என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். சிரித்தார்கள். எப்படியோ ஆட்டம் முடிந்தது.

ஒப்பனை அறைக்குள் அவர் கோபமாக வந்தார்.

“கெடுத்துட்டீங்க டீச்சர். ஒருத்தரும் அழல.”

அமுதவல்லி ஈரத்துணியை அவரிடம் நீட்டினார்.

“கண்மை கழுத்து வரைக்கும் வழிஞ்சிருக்கு அண்ணே. தொடைச்சுக்குங்க.”